இது நீங்கள்தானா?

பூங்கோதையின் மடிக்கணினிக்கு அந்த வீட்டில் தனி மரியாதை உண்டு. திரையை நிமிர்த்தி வைத்தால் கணினி. முழுக்கப் பின்னால் மடக்கினால் சிலேட்டு. கவிழ்த்துக் கூடாரம்போல நிறுத்தினால் சாப்பாட்டு மேசையில் ஒரு குட்டித் தொலைக்காட்சி. வாங்கிய புதிதில் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மடக்கி விரித்துக் காட்டிக் காட்டியே கீல் ஒரு பக்கம் தளர்ந்துபோனது. பாட்டரி உப்பியது. திறந்தால் விழித்துக்கொள்ள அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு டம்ளர் காபி குடித்து முடித்துவிடலாம். ஆனாலும் அதை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயர்தான் கௌரவமாக இருந்தது. சம்பளம் புது மடிக்கணினி வாங்குகிற அளவுக்கு இல்லை.

அதை மேம்படுத்த வேண்டிய கட்டாயம் தேர்வு மன்றத்திடமிருந்து வந்தது. அரசு வேலைகளுக்கான தேர்வுகளை நடத்துகிற அந்த மன்றம், விலங்கியல் கேள்விகள் எழுதித் தரும் குழுவில் அவளைச் சேர்த்திருந்தது. முன்பெல்லாம் வீட்டில் தேர்வு எழுதுகிறவர் யாராவது இருந்தால் இந்த வேலையைக் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள். திரையைத் தொடுவது யாருடைய கை என்று கண்டுபிடிக்கிற தொடுகைச் சில்லு வந்த பிறகு அந்த விதி தளர்ந்தது. அப்படி ஒருவர் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, கணினியில் அந்தச் சில்லைப் பொருத்திக்கொண்டால் போதும். பூங்கோதை மறைக்கவில்லை. அவள் கணவன் சோலைராஜின் தம்பி அழகுமணி அவர்கள் வீட்டின் பின்னறையில்தான் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அடுத்த ஆண்டு அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்தத் தேர்வை விட்டால் அவனுக்கு அரசு வேலை கிடையாது என்பது அந்த வீட்டின் சுவருக்குக்கூடத் தெரியும்.

மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்சந்தில் ஹபீபின் கடை. அவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாட்டரியை மாத்திருவோம் மேடம். ராம் ஒண்ணு கூடப் போட்டுருவோம். இந்தச் சில்லு திரைக்கு அடியில போகுது. கைரேகை பார்க்கிற ஐட்டம் இல்ல இது. நீங்க எப்படித் தொடுறீங்க, எவ்வளவு அழுத்துறீங்க, எந்த இடத்துல தயங்குறீங்க, அதையெல்லாம் படிச்சு வச்சுக்கும்."

"வேற யாராவது தொட்டா?"

"அன்னைக்கு வேலையை முடிச்சு மூடுறப்ப உங்ககிட்ட கேக்கும். இன்னொரு கை பட்டிருக்கு, இது நீங்கதானான்னு. எத்தனை மணிக்குன்னு சொல்லாது. நேரம் சொன்னா ஆளுங்க அதுக்குத் தக்கபடி கதை ஜோடிச்சிடுறாங்களாம். ஒரு வாரம் உங்க கையைப் பழகும். எப்பவும்போல வேலை பாருங்க, அது போதும்."

எப்பவும்போல என்று அவர் சொன்னதை அவள் கேட்டாள், செய்யத்தான் இல்லை. புதிதாக எது வந்தாலும் முதல் சில நாள் பூங்கோதையிடம் அதற்கு ராஜ உபசாரம்தான். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, மூடியில் சந்தனம் குங்குமம் வைத்து, குளித்துவிட்டு வந்து திறந்தாள். எழுதுமேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிற பிள்ளைபோலத் தொட்டாள். அந்த வாரம் முழுக்க மடிக்கணினி சாப்பாட்டு மேசைப் பக்கம் போகவில்லை. இப்போது அது கண் மூடித் திறப்பதற்குள் விழித்துக்கொண்டது. பழைய சாமானுக்கு மறுபிறவி என்று அவள் பூரித்துப்போனாள்.

பூரிப்பு சில நாளில் வடிந்தது. வேலையை முடித்து மூடப் போனவளைத் திரை கேட்டது: 'இன்று உங்கள் கையுடன் இன்னொரு கையும் கேள்விப் பக்கங்களில் பட்டிருக்கிறது. இது நீங்கள்தானா?' கீழே மூன்று பொத்தான்கள். நான்தான். நானில்லை. தெரியவில்லை.

வீட்டில் மூன்று பேர். அவர்களில் ஒருவனுக்கு அந்தப் பக்கங்கள் உயிர். 'தெரியவில்லை' என்பதை அழுத்திவிட்டு எழுந்தாள். பின்னறையில் அழகுமணி சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். அவன் குரலில் அன்று கொஞ்சம் அதிகத் தெம்பு இருந்ததாக அவளுக்குப் பட்டது.

அதன் பிறகு தினமும் அதே கேள்வி. அவள் ஹபீபுக்குப் போன் செய்தாள்.

"மேடம், சில்லு தப்புச் சொல்லாது. ரெண்டு கைன்னா ரெண்டு கைதான். என்ன காட்டுதுன்னு இங்கருந்தே பார்த்தேன். அந்த இன்னொரு கை மெதுவாத் தொடுது. விரலை வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் தயங்குது."

"தயங்குதுன்னா?"

"பழக்கமில்லாத சாமானைத் தொடுறவங்க தயங்குவாங்க. இல்லாட்டி..." ஹபீப் மேலே சொல்லவில்லை. இல்லாட்டிக்குப் பிறகு என்ன என்பதை அவளே நிரப்பிக்கொண்டாள்.

சந்தேகம் வந்த வீட்டில் எல்லாமே சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடுகின்றன. அழகுமணி மாதிரித் தேர்வுகளில் முன்பைவிட நன்றாக எழுதினான், ஏன்? அவள் கூடத்துக்கு வந்தால் பேச்சை நிறுத்தினான், ஏன்? அண்ணனும் தம்பியும் மொட்டைமாடியில் நின்று குசுகுசுவென்று என்ன பேசிக்கொள்கிறார்கள்? கட்டினவனைச் சந்தேகப்பட அவளுக்கு வாய் வரவில்லை. சோலைராஜ் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அடுத்தவர் பேனாவைக்கூடத் தொடமாட்டார். ஆகவே சந்தேகம் முழுவதையும் கொழுந்தன் மேல் இறக்கி வைத்தாள். அது வசதியாகவும் இருந்தது.

ஒரு நாள் காலை, கல்லூரிக்குப் புறப்படும் முன் மடிக்கணினியின் கீல் இடுக்கில் ஒரு கறுப்பு நூலைச் செருகி வைத்துவிட்டுப் போனாள். தன் புத்தியை நினைத்து அவளுக்கே கூசியது. ஆனாலும் செருகினாள். மதியம் திரும்பி வந்தபோது நூல் தரையில் கிடந்தது. மடிக்கணினி சாப்பாட்டு மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. பக்கத்தில் ஈரத் துணியோடு அழகுமணி.

"என்ன மணி, இங்க என்ன பண்ற?"

"எறும்பு மொய்ச்சிருந்துச்சு மதினி. அதான் மேல துடைச்சு விட்டேன்."

"லேப்டாப்ல எறும்புக்கு என்ன வேலை?"

"அதை எறும்பைத்தான் கேக்கணும்," என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனான்.

பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை என்று அவளுக்குக் கோபம் வந்தது. அன்று மாலை மடிக்கணினி கேட்டபோது அவள் விரல் 'தெரியவில்லை' மீது நிற்கவில்லை. பக்கத்துப் பொத்தானுக்கு நகர்ந்து 'நானில்லை' என்பதை அழுத்தியது. உண்மையைச் சொன்ன நிம்மதி அவளுக்கு ஒரு நொடி இருந்தது. திரை நன்றி சொல்லி, பதிலை மன்றத்துக்கு அனுப்பிவிட்டதாகக் காட்டியது.

அந்த வாரக் கடைசியிலேயே மன்றத்திலிருந்து விசாரணை அலுவலர் வீட்டுக்கு வந்துவிட்டார். கனகசபாபதி என்று பெயர். மெதுவாகப் பேசுகிற, மோரை மட்டும் வாங்கிக் குடிக்கிற மனிதர். கூடத்தில் மூவரையும் உட்கார வைத்தார். மடிக்கணினியைச் சிலேட்டாக மடக்கி நடுவில் வைத்தார்.

"அம்மா நேர்மையா சொல்லிட்டாங்க. மன்றத்துக்கு அது பெரிய விஷயம். இப்ப நான் யாரையும் குற்றம் சொல்ல வரல. வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரும் இந்தத் திரையில பத்துப் பக்கம் தள்ளிக் காட்டுங்க. அந்த ரெண்டாவது கை யாரோடதுன்னு இதுவே சொல்லிடும். அரசு ஊழியரா இருந்தா வேலை போகும். தேர்வு எழுதுறவரா இருந்தா தேர்வு போகும். அவ்வளவுதான்."

சோலைராஜுக்கு முகம் வெளுத்தது. பயந்த சுபாவம் அவருக்கு. போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினாலே லைசென்ஸை எடுத்துவிடுவார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, "நான் வைக்கிறேன் சார்," என்று கையை நீட்டினார். அந்தக் கை நடுங்கியது.

அழகுமணி அண்ணன் கையைப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

"வேணாம் சார். அண்ணனை விட்டுருங்க. நான்தான் பார்த்தேன்."

கனகசபாபதி மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா தம்பி? நீங்களே ஒத்துக்கிட்டா சோதனை தேவைப்படாது. ஆனா இந்தத் தேர்வை எழுத முடியாது. மூணு வருஷத் தடை."

"எனக்கு அடுத்த வருஷமே வயசு முடிஞ்சிரும் சார். மூணா இருந்தா என்ன, முப்பதா இருந்தா என்ன." சொல்லிவிட்டு அலுவலர் நீட்டிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவன் அன்றே பையைக் கட்டினான். சோலைராஜ் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தியேடா," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அழகுமணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றேன் மதினி," என்றான். பூங்கோதை தலையை மட்டும் ஆட்டினாள். தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் திடமாகத் தோன்றியது. பிறகு ஏன் சமையலறைக்குள் போய் அழுதாள் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

திருமங்கலத்தில் நண்பன் ஒருவனின் ஃபிளெக்ஸ் பேனர் கடையில் அவன் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மன்றம் பூங்கோதைக்குப் பாராட்டு அனுப்பியது. இன்னும் ஒரு கட்டுக் கேள்விகளைச் சரிபார்க்கும் வேலையையும் தந்தது. கல்லூரித் தேர்வுத்தாள் திருத்தும் நாட்கள் என்பதால் சில தினங்கள் அவள் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை.

திறந்தது ஒரு விடுமுறை நாளில். சோலைராஜ் விடியற்காலையிலேயே அலுவலக வேலையாகச் சிவகங்கை போயிருந்தார். வாசற்கதவு பூட்டியிருந்தது. காலை முழுக்க எழுதுமேசையில் வேலை பார்த்துவிட்டு, பசி எடுத்ததும் தட்டில் தயிர்சாதத்தையும் மாங்காய் ஊறுகாயையும் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். மடிக்கணினியைக் கூடாரமாக நிறுத்தினாள். சாப்பிட்டுக்கொண்டே கேள்விகளைப் படிப்பது அவளுக்குப் பழக்கம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகச் சாப்பிடுகிறவள் அவள்; அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு நாளில் அவளுக்குக் கிடைக்கிற நிம்மதியான வேலை நேரம் அதுதான்.

கடைசிக் கேள்வியும் முடிந்தது. பாட்டரி தீரப்போவதாகத் திரை எச்சரித்தது. வழக்கமாகக் கை கழுவிவிட்டு வந்துதான் மூடுவாள். இன்று சேமிக்காமல் அணைந்துவிடப்போகிறதே என்று அவசரமாக மூடு என்பதைத் தொட்டாள்.

'இன்று உங்கள் கையுடன் இன்னொரு கையும் கேள்விப் பக்கங்களில் பட்டிருக்கிறது. இது நீங்கள்தானா?'

பூங்கோதை சட்டென்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. எழுந்து பின்னறையை எட்டிப் பார்த்தாள். அழகுமணியின் கட்டில் மெத்தை சுருட்டியபடி கிடந்தது. குளியலறை, மாடிப்படி, வாசல் பூட்டு. எல்லாம் வைத்தது வைத்தபடி. பட்டப்பகலில் பூட்டிய வீட்டுக்குள் அவள் ஒருத்தி மட்டும் இருக்கிறாள். இன்னொரு கையும் இருக்கிறது என்கிறது இது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். 'நானில்லை' என்பதை அழுத்த விரலைக் கொண்டுபோனாள். விரல் திரைக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றது.

இடது கை விரல்.

வலது கை தட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. விரல்களில் தயிர்சாதம் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. எச்சில் கையால் எதையும் தொடக்கூடாது என்று சின்ன வயதிலேயே பழகிய கை. சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பு, கரண்டி, விசிறி பட்டன், எல்லாவற்றுக்கும் இடது கைதான். கேள்விப் பக்கங்களுக்கும் அதேதான். மெதுவாக, பழக்கமில்லாமல், தயங்கித் தயங்கி. சில்லு பழகிய அந்த முதல் வாரத்தில் மட்டும் புதுச்சாமானை இடது கையால் தொடக்கூடாது என்று வலது கையை மட்டுமே அதற்குக் காட்டியிருந்தாள். பாவம், அது தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. ஒவ்வொரு நாளும் அவளிடம் மரியாதையாக ஒரு கேள்வியும் கேட்டது. ஒரு நாளாவது அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளாதவள் அவள்தான்.

கையைக்கூடக் கழுவாமல் அவள் சத்தம் போட்டு அழுதாள். எறும்பு மொய்த்தது என்றானே. சோற்றுப் பருக்கை சிந்தினால் எறும்பு மொய்க்காதா?

கனகசபாபதி போனை எடுத்ததும் அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவர் இடையில் குறுக்கிடவில்லை.

"நீங்க சொல்றது புரியுதும்மா. உங்க இடது கையையும் பதிஞ்சுக்கலாம், அது சுலபம். இந்தச் சில்லைச் செஞ்சவங்க ஸ்பூன்ல சாப்பிடுறவங்களா இருந்திருப்பாங்க, நாம என்ன பண்றது. ஆனா உங்க கொழுந்தன் விஷயம் வேற. அவரை நாங்க சில்லை வச்சுத் தடுக்கலயே. அவரா ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தாரு. மேல்முறையீடு பண்ணலாம். மாசக்கணக்காகும்."

"தேர்வு இந்த ஞாயித்துக்கிழமை சார்!"

"தெரியும்மா," என்றார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. செய்யாத தப்பை ஒருத்தர் ஏன் ஒத்துக்கணும்?"

அவளுக்கும் அதுதான் புரியவில்லை. புடவையைக்கூட மாற்றாமல் திருமங்கலத்துக்குப் பஸ் ஏறினாள்.

அழகுமணி கடைக்கு வெளியே தரையில் விரித்த காதணி விழா பேனருக்கு விளிம்பு மடித்து ஒட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தான். "என்ன மதினி? அண்ணனுக்கு ஏதாவதா?"

"அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. மணி, அது நான்தான்டா. என்னோட இடது கை." சாலையோரத்தில் நின்றபடி, லாரி சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறிக்கொண்டே போனது. கோபம் வரும், திட்டுவான், திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்ப அண்ணன் தொடலையா?" என்று கேட்டான்.

"அவரு எதுக்குத் தொடப்போறாரு?"

அழகுமணி பேனர் மேலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

"ஒரு நாள் மாடியில வச்சு அண்ணன் சொல்லுச்சு மதினி. இந்தத் தடவை உனக்குக் கெடைச்சிரும்டா, நான் இருக்கேன்ல, உனக்கு எப்பவும் வராத மரபியலை மட்டும் நல்லாப் படின்னு. அதுக்கப்புறம் நீங்க நூலெல்லாம் வச்சுக்கிட்டு ஒரு மாதிரி இருந்தீங்களா, எனக்கு உதறல் எடுத்துருச்சு. எனக்காகப் போய் அண்ணன் பார்த்திருச்சோன்னு. அன்னைக்கு அந்த ஆபீசர் முன்னாடி கை நடுங்குச்சே, அப்ப முடிவே பண்ணிட்டேன். அது கையை வச்சிருந்தா வேலை போயிருக்கும்ல. எனக்குப் போறதுக்கு என்ன இருக்கு?"

அவன் அண்ணன் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் நடுங்குவார் என்று பூங்கோதை சொல்ல நினைத்தாள். "வாடா வீட்டுக்கு," என்று மட்டும் சொல்லி அவன் கையைப் பிடித்தாள். "மேல்முறையீடு பண்ணுவோம். நான் வந்து சொல்றேன், எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"பண்ணலாம் மதினி." பிடித்த கையை அவன் விடுவித்துக்கொள்ளவில்லை. "ஆனா ஒண்ணு. நான் ஏன் ஒத்துக்கிட்டேன்னு அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அண்ணனைப் போய் நான் சந்தேகப்பட்டேன்னு தெரிஞ்சா தாங்காது."

அன்று சாயங்காலம் சோலைராஜ் சிவகங்கையிலிருந்து வந்து சேர்ந்தார். அவள் இடது கை விஷயத்தைச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தம்பியைச் சுவரைப் பார்த்துத் திட்டியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடைசியில், வேறு யாரோ ஒருவருடைய தம்பியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்புறம் அவன் ஏன் நான்தான்னு ஒத்துக்கிட்டான்?"

பொய் சொல்லத் தெரியாதவள் என்று அவளுக்கு ஊரெல்லாம் பெயர். மன்றமே பாராட்டியிருக்கிறது.

"பயந்துட்டானாம்ங்க. ஆபீசரைப் பார்த்ததும்."

சோலைராஜ் பெருமூச்சு விட்டார். "சின்ன வயசிலேர்ந்தே அவன் பயந்தாங்கொள்ளிதான்," என்றார்.

பூங்கோதை எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.